பெங்களூர் டு மதுரை ஃபிளைட்: எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம், நாமளே கணக்கு போடலாம்

பெங்களூர்ல வேலை, மதுரைல அம்மா அப்பான்னு இருக்குறவங்களுக்கு அடிக்கடி வர்ற கேள்விதான், அவசரம்னா ஃபிளைட்டா பஸ்ஸா. டிக்கெட்ல 1 மணி 15 நிமிஷம்னு போட்டிருக்கும், அதை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணிடாதீங்க.

முதல்ல தூரம். ரோட்டுல ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல்னு போனா 430 கிலோமீட்டருக்கு மேல வரும். வானத்துல நேர்கோடு. கூகுள் மேப்ல பெங்களூரோட தேவனஹள்ளி ஏர்போர்ட் மேல விரலை அழுத்தி புடிச்சா 13.2, 77.7னு ரெண்டு நம்பர் வரும், மதுரை ஏர்போர்ட்டுக்கு 9.83, 78.1. முதல் நம்பர்தான் வடக்கு தெற்கு, அதுல ஒரு டிகிரின்னா 111 கிலோமீட்டர். வித்தியாசம் 3.37, பெருக்கினா 374. கிழக்க 40 கிலோமீட்டர் போல விலகுது, ஆனா சாய்வா போறதால மொத்தத்துல ரெண்டு மூணு கிலோமீட்டர்தான் கூடும், அதனால 375னு வச்சுக்கங்க. மும்பைல இருந்து கணக்கு போடுறவங்க மட்டும் ரெண்டாவது நம்பரை விட்டுடக்கூடாது, அங்க 5 டிகிரிக்கு மேல வித்தியாசம் இருக்கு.

அடுத்து நேரம். ஏடிஆர்னு சொல்ற ப்ரொப்பல்லர் பிளேன் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும், அப்போ 45 நிமிஷம், ரன்வேக்கு ஊர்ந்து போறது ஏறுறது இறங்குறதுக்கு ஒரு அரை மணி நேரம் சேத்தா அந்த 1 மணி 15 நிமிஷம் வந்துடும். ஜெட்டுன்னா 800, கணக்குல 1 மணி நேரம். வித்தியாசம் கால் மணி நேரம்தான், அதுக்காக கூட காசு குடுக்க வேணாம்.

இப்போதான் முக்கியமான விஷயம். ஏர்போர்ட் ஊருக்கு வடக்க, மதுரை தெற்க. நான் ஊரோட தெற்கு ஓரத்துல எலக்ட்ரானிக் சிட்டில இருக்கேன், கே.ஐ.ஏ. 8ங்கிற ஏர்போர்ட் பஸ் புடிச்சு தேவனஹள்ளி போக ட்ராஃபிக்ல 2 மணி நேரம் ஆகும், அதே 2 மணி நேரத்துல மதுரைக்கு போற பஸ் கிருஷ்ணகிரியையே தாண்டிடும். நான் பிளேன்ல ஏறி திரும்ப எங்க வீட்டுப் பக்கமாத்தான் பறக்கணும். போக 2, செக்-இன் செக்யூரிட்டின்னு ஒன்றரை, ஃபிளைட் ஒன்னேகால், இறங்கி லக்கேஜ் எடுத்து வீடு சேர 1, ஆக மொத்தம் கிட்டத்தட்ட 6 மணி நேரம். பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல இருந்து கிளம்புற வந்தே பாரத் ட்ரெயின் 8 மணி நேரத்துல விட்டுடும். ஏர்போர்ட் பக்கமா வடக்க ஹெப்பால், எலஹங்கால இருந்தா கதை வேற, யோசிக்காம ஃபிளைட்டே போடுங்க.

டிசம்பர் ஜனவரில முதல் ஃபிளைட் வேணாம். தேவனஹள்ளில விடியக்காலைல பனிமூட்டம் இறங்கும். அப்பாவுக்கு உடம்பு முடியலன்னு ஒரு ஜனவரில காலைல கிளம்பினேன், ரெண்டரை மணி நேரம் லேட், அந்த நேரம் கையை பிசைஞ்சுகிட்டு உக்காந்திருந்தது இன்னும் மறக்கல. அந்த மாசத்துல மட்டும் இப்போ நைட் பஸ்தான்.

திண்டுக்கல்காரங்களும் பஸ்லயே போங்க. மதுரைல இறங்கி 65 கிலோமீட்டருக்கு மேல வந்த வழியே திரும்ப வரணும், பஸ்னா உங்க ஊர் முதல்ல வந்துடும்.