தோட்டப்புறத்தில் சட்டமன்றத்துக்கு நிற்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் லிந்தாங், ஜாலோங் என இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். எதில் ஜெயித்தாலும் போய் உட்காரும் இடம் மாநிலத் தலைநகர் ஈப்போ. ஆனால் செராமா என்னும் பிரசாரக் கூட்ட மேடை ஏறியதும் பலர் கோலாலம்பூரில் தீர்க்க வேண்டியதைத் தாமே தீர்ப்பதாக வாக்குக் கொடுக்கிறார்கள். தமிழ்ப்பள்ளி, குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை, குறைந்தபட்சச் சம்பளம் மூன்றும் கூட்டரசின் பொறுப்பு. அவற்றுக்காகக் குரல் கொடுங்கள். வாங்கித் தருவதாகச் சொல்லாதீர்கள். அது மக்களை ஏய்ப்பது.

மாநிலத்தின் கையில் இருப்பது நிலம். தோட்ட மக்களின் பெரும் வேதனையும் நிலம்தான். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் ஓய்வு பெற்றவரிடம் தோட்டத்தின் வரிசை வீடான லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வருகிறது. கோயிலைக் கட்டியது அவருடைய தாத்தா, சுடுகாட்டில் எரிந்ததும் அதே தாத்தா. நிலப்பட்டா மட்டும் கம்பெனியின் பெயரில். இப்படிப்பட்ட ஒருவர் எழுந்து, "எங்கே போவோம் ஐயா?" என்று கேட்கும்போது, "கவலைப்படாதீர்கள், நாங்கள் இருக்கிறோம்" என்பது பதிலாகாது.

பதில் சொல்லச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தில் வீடமைப்புத் திட்டம் வருவதற்கும் மாநில அரசு ஒப்ப வேண்டும். தொழிலாளர்களுக்கு வீடு, கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் தனி நிலம் என்று கேட்க வேண்டிய நேரம் அந்த ஒப்புதலுக்கு முன்புதான். புல்டோசர் வந்த பிறகு பத்திரிகைக்காரர்களோடு போய் நிற்பதால் யாருக்கும் வீடு கிடைக்காது. மாவட்ட நில அலுவலகத்தின் படியை வேட்புமனுவுக்கு முன்பே ஏறியிருக்க வேண்டும்.

வேட்புமனு நாளில்தான் தொகுதிக்குள் காலெடுத்து வைப்பது இன்னொரு தவறு. நாடாளுமன்றத் தேர்தல்தான் என்றாலும் இதே ஊரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1974 முதல் சுங்கை சிப்புட்டை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலுவை 2008இல் வென்ற டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ், அதற்கு முன் 1999இலும் 2004இலும் அவரிடமே தோற்றவர். தோற்ற பிறகும் அவர் தோட்டத்தை விட்டு விலகவில்லை.

தமிழர் ஓட்டு மட்டும் போதும் என்ற கணக்கும் வேண்டாம். அதே தொகுதிகளில் மலாய்க்காரர், சீனர், ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்களும் ஓட்டுப் போடுகிறார்கள். வடிகாலும் குப்பையும் எல்லோருக்கும் பொது.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள், அடையாள அட்டையில் உள்ள முகவரிப்படி. பிள்ளை வேலை பார்ப்பது பினாங்கிலோ ஜொகூரிலோ இருக்கலாம். ஓட்டு இன்னும் தோட்டத்தில் கிடக்கும். லயத்தில் இருக்கும் அம்மாவிடம் கைகுலுக்கிவிட்டுத் திரும்பாதீர்கள். பிள்ளை எப்போது ஊருக்கு வருகிறார், பஸ் டிக்கெட் எடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். டிக்கெட்டுக்கு நீங்கள் பணம் நீட்டிவிட வேண்டாம். ஓட்டைக் கருதிக் கொடுப்பது பணமானாலும் விருந்தானாலும் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின்படி குற்றம். சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 1,00,000 ரிங்கிட். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, வாக்கு எண்ணும் அறை. கொடி கட்ட ஆள் சேர்ப்பவர்கள் எண்ணும் முகவர்களைத் தேடுவதில்லை. ஒவ்வொரு வாக்களிப்பு வரிசைக்கும் நிதானமான ஒருவரை நியமித்து, சந்தேக ஓட்டு எது, செல்லாத ஓட்டு எது என்று முன்கூட்டியே பழக்குங்கள். எண்ணிக்கை முடிவைக் காட்டும் 14ஆம் பாரத்தில் அதிகாரி கையெழுத்திட்டு அதன் நகல் கைக்கு வரும்வரை உங்கள் முகவர் அறையை விட்டு வெளியே வரக் கூடாது.