மனச்சித்திரத்தின் பரிணாமம்: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்முன் இல்லாத ஒன்றை உள்ளத்தில் நிறுத்தி, அதைக் கொண்டு அடுத்த செயலைத் தீர்மானிக்கும் திறனையே இங்கே மனச்சித்திரம் என்கிறேன். அது எப்படிப் பரிணமித்தது என்று விளக்கப் புகும்போது, சாமர்த்தியமான நடத்தை எதைக் கண்டாலும் அதன் பின்னால் முழுமையான மன வரைபடம் இருப்பதாக எண்ணிவிடுகிறோம். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

துனிசியாவின் உப்புப் பாலையில் வாழும் ஓர் எறும்பு, இரை தேடி எவ்வளவு வளைந்து நெளிந்து அலைந்தாலும், கூட்டுக்கு நேர்கோட்டில் திரும்பிவிடும். சுற்றுப்புறம் முழுவதையும் அது மனதில் வரைந்து வைத்திருக்கிறது என்றே நமக்குத் தோன்றும். 2006-இல் வெளியான ஆய்வில், இரையை அடைந்த எறும்புகள் சிலவற்றின் கால்களைப் பன்றி மயிர் ஒட்டி நீளமாக்கினார்கள். அவை கூட்டைத் தாண்டிப் போய்த் தேடின. கால் குட்டையாக்கப்பட்டவையோ கூட்டை எட்டும் முன்பே நின்றுவிட்டன. மாற்றிய கால்களோடு கூட்டிலிருந்தே புறப்பட்டபோது இரு வகையும் தூரத்தைச் சரியாகவே கணித்தன. காலடிக் கணக்கும் வெயில் காட்டும் திசையும் அந்தப் பயணத்திற்குப் போதும். அந்தக் கணக்கையும் ஒரு மனச்சித்திரம் எனலாம், ஆனால் மிகச் சிறியது. 'உண்டு, இல்லை' என்று இரண்டே பெட்டிகளில் எல்லா உயிர்களையும் அடைக்க முடியாது என்பதை எனக்கு உணர்த்தியது இந்த எறும்புதான்.

இதற்கு நேர் எதிரான தவறு, மனிதரைத் தவிர வேறு எதற்கும் மனச்சித்திரம் இல்லை என்பது. ஸ்க்ரப் ஜே என்னும் பறவை, புழுக்களையும் வேர்க்கடலையையும் வெவ்வேறு இடங்களில் ஒளித்துவைக்கிறது. கிளேட்டன், டிக்கின்சன் என்னும் ஆய்வாளர்கள் 1998-இல் காட்டியபடி, 4 மணி நேரத்தில் திரும்ப விட்டால் அது புழுவைத் தேடும். புழு கெட்டுப்போகும் என்று அனுபவத்தில் அறிந்த பறவை, 124 மணி நேரம் கழிந்த பின் கடலையையே தேடும்.

மனச்சித்திரம் கூடக்கூட நன்மை என்பதும் தவறே. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள நம் மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சூழல் அடிக்கடி மாறி, ஒவ்வொரு நிலைமைக்கும் தனித்தனிப் பழக்கம் வைத்திருப்பது கட்டுப்படியாகாத இடத்தில்தான் இந்தச் செலவு ஈடாகும். மற்ற இடங்களில் பழைய அனிச்சை வழியே நீடிக்கிறது. சுடும் பாத்திரத்தைத் தொட்ட கையை இழுக்கும் கட்டளையைத் தண்டுவடமே பிறப்பித்துவிடுகிறது. சுட்டது என்பது நமக்குத் தெரிவது அதன் பிறகே.