ஹெரால்ட் ரேடியோவில் ‘டக் டக்’ சத்தமா? காயிலில் தொடங்குங்கள்

அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. வண்டலூர் ஆலையில் பிறந்த வண்டி. எஞ்சின் ஓடினால் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் முழுக்க ‘டக் டக்’தான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமாகும். அப்படியானால் கோளாறு இக்னிஷனில், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் அமைப்பில். விசில் போல இழுத்துக்கொண்டே ஏறினால் டைனமோ.

முதலில் ரேடியோவிலிருந்து ஏரியல் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஏரியல் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் கரண்ட் ஒயர் வழியாக.

அடுத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலைப் பாருங்கள். பழைய காயிலில் ‘எஸ்டபிள்யூ’ முனை சாவிக்கு, ‘சிபி’ முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டுக்கு. புதிய காயிலில் பிளஸ், மைனஸ் குறிகள்தான் இருக்கும். நெகட்டிவ் எர்த் வண்டிக்கு, அதாவது பேட்டரியின் மைனஸ் முனை பாடியில் இணைந்த வண்டிக்கு, பிளஸ் சாவிப் பக்கம். பாசிட்டிவ் எர்த் என்றால் நேர்மாறு. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே மாட்டுங்கள். மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. ஆனால் பிளக்கின் நடு முனை நெகட்டிவாக இருந்தால்தான் ஸ்பார்க் குறைந்த வோல்டேஜில் பாயும். என் காயில் பல வருடம் தலைகீழாகவே இருந்திருக்கிறது. மேடு ஏறும்போது மிஸ்ஸிங் வந்ததற்கு அதுதான் காரணம்.

ரேடியோ இரைச்சலை அடக்கும் 1 மைக்ரோஃபாரட் கண்டென்சரைக் காயிலின் சாவிப் பக்க முனையில் மட்டும் கொடுங்கள். பாயிண்ட் பக்கம் கொடுத்தால் ஸ்பார்க் செத்துவிடும். அதன் கூட்டை, பெயிண்ட் சுரண்டிய இரும்பில் இறுக்குங்கள். டைனமோ விசிலுக்கும் இதே மாதிரி இன்னொரு கண்டென்சர்தான், டைனமோவில் கரண்ட் வெளியே வரும் ‘டி’ முனையில். ‘எஃப்’ முனையில் வேண்டவே வேண்டாம்.

செம்புக் கம்பி பிளக் ஒயர்கள் ஒலிபரப்புக் கம்பி போலவே வேலை செய்யும். கார்பன் ஒயரோ, சுமார் 5 கிலோஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக்கோ போடுங்கள்.

ஹெரால்டில் எல்லோரும் விட்டுவிடும் இடம் பானெட். மட்கார்டோடு சேர்ந்து முழுதாக முன்பக்கம் சாயும் பானெட் அது. கீலில் துருவும் பெயிண்டும் சேர்ந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது. எஞ்சினிலிருந்து வரும் ரேடியோ இரைச்சலை அடக்க வேண்டிய தகடே அதை வெளியே விடும். பானெட்டிலிருந்து சேஸிஸுக்குப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று போட்டேன். பாதிச் சத்தம் அங்கேயே போனது. ஏரியலின் அடியிலும் பெயிண்டைச் சுரண்டி இறுக்குங்கள்.

கடைசியாக 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மங்கலாகக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்து, ரேடியோவை ஏரியலுக்கு ஏற்பச் சரிசெய்யும் டிரிம்மர் திருகை ஒலி உச்சம் வரும்வரை மெல்லத் திருப்புங்கள்.