விற்பதற்கு முன் வீட்டின் உட்புறத்தைச் செப்பனிடுதல்

என் வீட்டை விற்பனைக்கு வைத்திருந்தபோது பார்க்க வந்த ஒருவர், புதிதாக வண்ணம் பூசிய வரவேற்பறையில் நின்றுகூடப் பார்க்காமல் நேரே சமையலறைக்குச் சென்றார். பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியிலிருந்த கதவைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, கழிவுக் குழாயின் வளைவை விரலால் தடவினார், விரல் நனைந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் ஒவ்வோர் அறையிலும் சுவரின் அடிப்பகுதியை மட்டுமே உற்றுப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு வாஷர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். இருந்தாலும், கண்ணில் படும் இதையே கவனிக்காதவர்கள் சுவருக்குள் இருப்பதை எப்படிக் கவனித்திருப்பார்கள் என்ற ஐயம் அவருக்கு வந்துவிட்டது. அந்த ஐயம் நியாயமானதும்கூட.

விற்பனைக்கு முன் வீட்டைச் சீர்செய்கிறவர்கள் பெரும்பாலும் அலங்காரத்தில் தொடங்கிவிடுகிறார்கள். புதிய திரைச்சீலை, சுவரில் ஓவியம், மூலையில் ஒரு செடி என்று பணம் கரைந்தபிறகுதான் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் விழவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. வாங்குபவர் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடியவற்றில் நீங்கள் செலவிட வேண்டியதில்லை. அவரை யோசிக்க வைக்கும் குறைகளைக் களைவதில்தான் கையிலுள்ள பணமும் நேரமும் முதலில் போக வேண்டும்.

அந்தக் குறைகளைக் கண்டுபிடிப்பது, அந்த வீட்டிலேயே வாழ்ந்தவருக்கு அத்தனை எளிதன்று. பத்து ஆண்டுகளாகச் சாய்ந்தே கிடக்கும் சுவிட்சுப் பலகை நம் கண்ணில் படுவதே இல்லை. ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்று, பூட்டைத் திறப்பதிலிருந்து தொடங்குங்கள். சாவி இழுத்துப் பிடிக்கிறதா, கதவு கீச்சிடுகிறதா, உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது எது என்று குறித்துக்கொண்டே ஒவ்வோர் அறைக்கும் செல்லுங்கள். எல்லாக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து மூடி, எல்லாக் குழாய்களையும் திருகிப் பார்த்து, எல்லா விளக்குகளையும் போட்டுப் பாருங்கள். பிறகு, அந்த வீட்டுக்கு அதிகம் வந்திராத ஒரு நண்பரை அழைத்து அதே சுற்றை அவரைக் கொண்டும் செய்யச் சொல்லுங்கள். இரண்டு பட்டியல்களும் ஒன்றுபோல இருக்கவே இருக்காது.

வேலைகளின் வரிசை முக்கியமானது. ஒழுகலும் ஓதமும் முதலில், அடுத்து மின்சார, குழாய் வேலைகள், அதன்பின் பூச்சும் பட்டியும், பிறகு பெயின்ட், அதற்குப் பிறகே தரை, கடைசியாகத் துப்புரவு. இந்த வரிசை மாறினால், மெருகேற்றிய தரையில் பெயின்ட் சொட்டும், பூசி முடித்த சுவரை மின்பணியாளர் மீண்டும் உடைப்பார். ஓதம் உள்ள வீட்டுக்கு இரண்டு மாத அவகாசமாவது வேண்டும், ஏனெனில் சுவர் காய்வதை யாராலும் அவசரப்படுத்த முடியாது.

ஓதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். படுக்கையறைச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, அதன்மேல் பட்டி பார்த்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்து முடித்தேன். மூன்றாவது வாரத்தில் அதே இடம் கொப்புளமாக எழும்பி, விரலால் அழுத்தியதும் மாவாக உதிர்ந்தது. செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பை நீர் கரைத்துக்கொண்டு வெளிப்பரப்புக்கு வருகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே படிகமாகி, மேலேயுள்ள பூச்சைத் தள்ளிவிடுகிறது. ஆகவே நீர் வரும் வழியை அடைக்காமல் மேலே எதைப் பூசினாலும் நிலைக்காது.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து படிகிறதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு கைகளை விரித்து வைக்கும் அளவுள்ள பிளாஸ்டிக் தாளை ஐயத்துக்குரிய இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, ஒன்றிரண்டு நாள்கள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரை ஒட்டிய பக்கத்தில், நீர் முத்துகள் தெரிந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் தெரிந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. முதல் வகையில் மேல்மாடிக் குளியலறை, சுவருக்குள் ஓடும் குழாய், வெளிச்சுவர் விரிசல், தரையிலிருந்து மேலேறும் நீர் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் காரணத்தைக் கண்டறிந்தபின், சிதைந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். புதிய சிமென்ட் பூச்சில் காரத்தன்மையும் ஈரமும் மிகுந்திருக்கும் என்பதால், சுமார் 28 நாள்கள் கழித்து, அது நன்றாகக் காய்ந்தபிறகே பெயின்டுக்குப் போவது நல்லது. இன்னொன்று: ஒழுகலை நிறுத்திவிட்டாலும், உட்கூரையில் படிந்திருக்கும் பழுப்புக் கறை சாதாரண எமல்ஷனை ஊடுருவிக்கொண்டு மறுபடி மேலே வந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் கறை தடுக்கும் பிரைமரை முதலில் அடித்துவிட வேண்டும்.

இனி பெயின்ட். செலவுக்கு ஏற்ற மாற்றத்தை இதைப்போல வேறு எதுவும் தருவதில்லை என்பது என் கருத்து. ஆனால் அந்த மாற்றத்தில் பாதிக்கு மேல் முன்வேலையைச் சார்ந்தது. சுவரைத் துடைத்து, ஆணித் துளைகளையும் மயிரிழை விரிசல்களையும் அடைத்து, பட்டி காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத் துணியால் எடுத்து, பிரைமர் அடித்து முடிப்பதற்குள் நாள்கள் ஓடிவிடும், அலுப்பாகவும் இருக்கும். தேய்த்தது போதுமா என்பதை அறிய, அறையை இருட்டாக்கி, கைவிளக்கைச் சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத மேடு பள்ளங்கள் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். மிகப் பழைய கட்டடமானால், அடியிலுள்ள பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும்; அதை உலர்நிலையில் தேய்க்கும்போது எழும் தூசி, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, நஞ்சு. அத்தகைய இடங்களில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு, வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே முறை.

எவ்வளவு பெயின்ட் வேண்டும் என்பதைக் கணக்கிடுவது எளிது. நான்கு மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையின் சுற்றளவு 15 மீட்டர். சுவர்ப் பரப்பு 45 சதுர மீட்டர். கதவு, ஜன்னல்களுக்காக ஐந்தைக் கழித்தால் 40. ஒரு லிட்டர் எமல்ஷன் வழுவழுப்பான சுவரில் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கோட்டுக்கு 8 லிட்டர். ஒரே அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கி, ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள். வெவ்வேறு நாளில் கலக்கப்பட்ட டப்பாக்களுக்கிடையே நிறம் நூலளவு மாறினாலும் சுவரின் நடுவே அது கோடாகத் தெரியும்.

நிறத்தில் உங்கள் ரசனையைக் கொஞ்சம் விலக்கி வைக்க வேண்டியிருக்கும். சற்றே மஞ்சள் கலந்த வெள்ளை, வெளிர் சாம்பல், மணல் நிறம் போன்றவை எவருடைய மேசை நாற்காலிகளோடும் ஒத்துப்போகும். டப்பா மூடியில் பார்த்து முடிவு செய்யாமல், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் பக்கச்சுவரிலும் கைக்குட்டையை விரித்த அளவுக்கு அடித்துப் பார்த்து, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் ஒவ்வொரு முறை கவனியுங்கள். சுவர் சற்று மேடு பள்ளமாக இருந்தால் மினுமினுப்பில்லாத மேட் வகையே பொருத்தம். பளபளப்பு கூடக்கூடக் குறைகள் துருத்திக்கொண்டு தெரியும்.

பெயின்டுக்கு அடுத்து அறையின் தோற்றத்தை மாற்றுவது வெளிச்சம். ஜன்னல் கண்ணாடிகளை இரு பக்கமும் கழுவி, கனமான திரைகளைக் கழற்றிவிட்டாலே அறை விசாலமாகத் தோன்றும். விளக்குகளில் நாம் செய்யும் பொதுவான தவறு, ஒரே அறையில் மஞ்சளும் நீலவெள்ளையுமாகக் கலந்து மாட்டியிருப்பது. எல்இடி விளக்கின் அட்டையில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும்: 2700 முதல் 3000 வரை இதமான மஞ்சளொளி, 4000 நடுநிலை வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. படுக்கையறைக்கும் வரவேற்பறைக்கும் முதல் வகையும், சமையலறைக்கும் குளியலறைக்கும் இரண்டாம் வகையும் நன்றாக அமையும். ஓர் அறைக்குள் எல்லாம் ஒரே எண்ணாக இருக்கட்டும்.

சமையலறையை முழுவதுமாகப் பிரித்துப் புதிதாக அமைப்பது, விற்கப் போகும் வீட்டுக்குப் பெரும்பாலும் வீண் செலவு. போட்ட பணம் அப்படியே விலையில் திரும்பும் என்று நம்பி இறங்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு எடுத்து, தொங்கும் கதவுகளை நிமிர்த்தி, கைப்பிடிகளை மாற்றினாலே போதும். புதிய கைப்பிடி வாங்கும்போது பழையதன் இரு திருகுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்துகொண்டு போனால் (96, 128 மில்லிமீட்டர் ஆகியவை பரவலான அளவுகள்) புதிதாகத் துளையிட வேண்டியிராது. கதவு தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கீலின் திருகுத் துளை தேய்ந்து அகன்றிருப்பதுதான். திருகைக் கழற்றி, இரண்டு மூன்று மரத் தீக்குச்சிகளின் மருந்துமுனையை நீக்கிவிட்டு, மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் செருகி, பரப்போடு பரப்பாக நறுக்கிவிடுங்கள். ஒரு நாள் காய்ந்தபின் அதே திருகைத் திருப்புளியால் முடுக்கினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

குளியலறையில் பார்வை போவது மூலைகளுக்கு. தொட்டியின் ஓரத்திலும் டைல்ஸ் இடுக்கிலும் கறுத்துப்போன சிலிக்கானைத் துடைத்துப் பயனில்லை. கத்தியால் முழுவதும் அறுத்தெடுத்து, இடத்தை உலரவிட்டு, புதிதாக இட வேண்டும். பழைய சிலிக்கான்மேல் புதியது ஒட்டாது என்பதால் மிச்சம் வைக்கக் கூடாது. இட்டபின் 24 மணி நேரம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்களில் படியும் வெள்ளை உப்புக்கறையை வினிகர் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் வைத்தால் அகற்றிவிடலாம். ஆனால் பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் எந்த அமிலமும் படக் கூடாது, பட்ட இடம் மங்கி அரித்துவிடும். அதைவிட முக்கியம், பிளீச்சை வினிகருடனோ பிற அமிலங்களுடனோ அம்மோனியா கலந்த திரவங்களுடனோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூடிய சிறு அறையில் அதிலிருந்து எழும் வாயு உயிருக்கே ஆபத்து.

தரைக்கும் கதவுகளுக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீல்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய், பூட்டுக்குக் கிராஃபைட் தூள், உடைந்த டைலுக்கு மாற்று, அசையும் சுவிட்சுக்குப் புதியது. மின்வேலை எதுவானாலும் உரிமம் பெற்றவரே செய்யட்டும்.

பொருள்களைக் குறைப்பதுதான் மனத்துக்குக் கடினமான வேலை. அலமாரிகள் வழிந்துகொண்டிருந்தால், இந்த வீட்டில் இடம் போதாது என்று அவையே சொல்லிவிடும். ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருந்தால் வருபவர் தன் பொருள்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார். குடும்பப் புகைப்படங்களையும் பதக்கங்களையும் எப்படியும் கட்டத்தானே போகிறோம் என்று இப்போதே கட்டிவைத்துவிடலாம். நடைவழியில் குறைந்தது 80, 90 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி மரச்சாமான்களை நகர்த்துங்கள். கட்டிய பெட்டிகளை ஒரே அறையில் குவித்துக் கதவைச் சாத்திவைப்பது மட்டும் கூடாது; சாத்திய கதவைத்தான் எல்லாரும் முதலில் திறக்கச் சொல்வார்கள்.

வாடை விஷயத்தில் நம் மூக்கை நம்ப முடியாது, அது பழகிவிட்டிருக்கும். பட்டியல் எழுத வந்த நண்பரையே கேளுங்கள். நறுமணத் தெளிப்பான் அடித்து மறைப்பதால், எதை மறைக்கிறார்கள் என்ற கேள்விதான் எழும். துணி, மெத்தை, தரைவிரிப்பு ஆகியவற்றைத் துவைத்து வெயிலில் போடுவதும், ஜன்னல்களைத் திறந்துவைப்பதும் போதுமானவை. புழங்காத குளியலறையில் சாக்கடை வாடை வந்தால், வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய நீர் வற்றிப்போயிருக்கலாம். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

சீர்செய்வதற்கும் மூடிமறைப்பதற்கும் இடையிலுள்ள எல்லையைத் தாண்ட வேண்டாம். சரிசெய்ய முடியாத விரிசலின்மேல் படம் மாட்டுவதோ, ஈரச் சுவருக்கு முன்னே அலமாரியை நகர்த்துவதோ விற்பனைக்குப் பின் வழக்காகக்கூட முடியலாம். தெரிந்த குறையைத் தொடக்கத்திலேயே சொல்லி, செய்த பழுதுகளுக்கான ரசீதுகளை ஒரு கோப்பில் வைத்துக் காட்டினால், பேரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் பேச்சு முறியாது.

எல்லாம் முடிந்தபின் புகைப்படம். பகல் வெளிச்சத்தில், விளக்குகளையும் போட்டுவிட்டு, அறையின் மூலையிலிருந்து நெஞ்சு உயரத்தில் கேமராவை நேராகப் பிடித்து எடுங்கள். அறையை மண்டபமாகக் காட்டும் மிகைவிரிந்த லென்சு வேண்டாம். நேரில் வருபவர் ஏமாற்றத்தோடு நுழைவார்.

பார்க்க வருவதற்கு முந்தைய இரவு, ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் குழாய் வளைவுக்கு நேர்கீழே ஒரு தாளை விரித்துவையுங்கள். காலையில் தாளில் சொட்டு விழுந்த வட்டம் இருந்தால் இன்னும் வேலை பாக்கி. காய்ந்திருந்தால் தாளை எடுத்துவிட்டு, அந்த அலமாரியைக் காலியாகவே விட்டுவிடுங்கள்; குனிந்து பார்க்க விரும்புகிறவர் எதையும் நகர்த்தாமல் பார்க்கட்டும்.