சீட்டாட்டத்தின் சுவையைக் கெடுக்கும் தவறுகள்

எதிரில் இருப்பவர் கையில் என்ன இருக்கும் என்று ஊகித்து, அந்த ஊகம் பலிப்பதைப் பார்ப்பதுதான் சீட்டாட்டத்தில் எனக்குத் தெரிந்த பெரிய இன்பம். மோசமான சீட்டு வந்தாலும் அது கிடைக்கும். அதனால் ‘எனக்குச் சீட்டே வரவில்லை’ என்று புலம்புகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஆட்டத்தின் சுவையைக் கெடுப்பவை பெரும்பாலும் வேறு தவறுகள்.

அரைகுறையாகக் கலைப்பது அவற்றில் ஒன்று. முந்தைய ஆட்டத்தில் இறக்கிய தொடர்கள் (ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் சீட்டுகள்) கட்டுக்குள் அப்படியே சேர்ந்து கிடந்தால் எந்த ஊகமும் செல்லாது. கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளின் விளிம்புகளையும் சரித்து ஒன்றுக்குள் ஒன்று விழச் செய்யும் முறையில்கூட, 52 சீட்டும் நன்றாகக் கலைய ஏறத்தாழ 7 முறை தேவை என்று கணித அறிஞர்கள் டேவ் பேயரும் பெர்சி டயக்கோனிஸும் 1992-இல் காட்டினார்கள். கொத்துக் கொத்தாக எடுத்து மேலே போடும் வழக்கமான குலுக்கலுக்கு இதைவிட மிக அதிக முறை வேண்டும். அதுதான் கைவரும் என்றால், சீட்டுகளை மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரு கைகளாலும் நன்றாகத் துழாவிவிட்டுச் சேர்த்தெடுங்கள்.

ரம்மியில் ஸ்பேட் 5-ஐயும் 7-ஐயும் வைத்துக்கொண்டு 6-க்காகத் தவம் கிடப்பவர்கள் ஏராளம். ஒரே கட்டில் ஆடும்போது அந்த 6 ஒன்றே ஒன்றுதான். கையில் 6, 7 இருந்தால் 5 வந்தாலும் தொடர் சேரும், 8 வந்தாலும் சேரும். ஆனால் அந்த 8 ஏற்கெனவே கீழே போயிருந்தால் பாதி நம்பிக்கை போயிற்று. கீழே விழும் சீட்டைக் கவனிக்காமல் ஆடுவதைத்தான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். நீங்கள் போட்ட ஹார்ட் 9-ஐ அடுத்தவர் எடுக்கிறார் என்றால், அவர் ஹார்ட்டில் ஒரு தொடரையோ 9-களையோ சேர்க்கிறார். அதற்குப் பிறகும் அவருக்கு ஹார்ட் 10-ஐப் போடுவது ஆட்டத்தைத் தூக்கிக் கொடுப்பதுதான்.

ஓர் இனம் மற்ற இனங்களை வெல்லும் துருப்பு ஆட்டங்களில் எல்லாச் சீட்டையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. துருப்பின் 13 சீட்டை மட்டும் எண்ணிப் பழகினாலே ஆட்டம் மாறிவிடும். இருவர் இருவராக அணி சேர்ந்து ஆடும் பிரிட்ஜில், ஆட்டத்தை நடத்துபவர் நீங்கள் என்றால், கூட்டாளியின் சீட்டு மேசையில் விரிந்திருக்கும். உங்கள் இருவரிடமும் 8 துருப்பு என்றால் எதிரணியிடம் 5. அவை 3-2 என்று பிரிந்திருக்க 68 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படியானால் மூன்று சுற்றுத் துருப்பு இறக்கினால் அவர்களிடம் ஒன்றும் மிஞ்சாது. இந்தக் கணக்கு பலிக்கும் நொடியின் மகிழ்ச்சியை எண்ணாமல் ஆடுபவர் அறியவே முடியாது.

ஆஸ் 1-ஆ, ராஜாவுக்கும் மேலா, ஜோக்கர் உண்டா என்பதைச் சீட்டுப் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நடுவில் எழும் சண்டைகளில் பாதி இதனால்தான். நல்ல சீட்டு வந்ததும் முகம் மலர்வதும், கூட்டாளிக்குக் கண் காட்டுவதும் வேண்டாம். முன்னது உங்கள் கையை விரித்துக் காட்டுகிறது, பின்னது ஏமாற்று. பணம் வைத்து ஆடினால் கவனம் முழுக்க இழப்பிலேயே போய் நிற்கும். பணமில்லாமலே இந்த ஆட்டம் போதுமான அளவு சூடு பிடிக்கும்.

ஆட்டம் முடிந்ததும் கூட்டாளியிடம் ‘ஏன் அதைப் போட்டீர்கள்?’ என்று பாயாதீர்கள். ‘என் கையில் என்ன இருப்பதாக நினைத்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் சீட்டு அவருக்கு என்ன சொல்லிற்று என்பது அப்போதுதான் தெரியவரும்.