ஸ்பிட் பாலத்தடியில் கயாக்: சிட்னித் துறைமுகத்தில் ஒரு மணி நேரம் துடுப்புப் போட நினைப்பவர்களுக்கு

சிட்னித் துறைமுகத்தில் கயாக் ஓட்ட வேண்டும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது, ஓபரா ஹவுஸும் இரும்புப் பாலமும் பின்னால் தெரிய எடுக்கப்பட்ட ஒரு படத்தைத்தான். ஆனால் முதன்முறை துடுப்புப் பிடிப்பவருக்கு அந்த இடம் சற்றும் பொருந்தாது. பெனலாங் முனைக்கும் டாவ்ஸ் முனைக்கும் நடுவில், ஃபெர்ரிகள் வந்து அணையும் சர்க்குலர் கீ குடாவுக்குள் கயாக்குகள் நுழையவே கூடாது. அதற்கு வெளியிலும் ஃபெர்ரிகளும் சுற்றுலாப் படகுகளும் எழுப்பும் அலைகள் கற்சுவர்களில் மோதித் திரும்பி வந்து ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், அடுத்த அலை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கணிப்பது பழகியவர்களுக்கே கடினம். ஆகவே, தொடங்குவதற்கு நான் பரிந்துரைக்கும் இடம் மிடில் ஹார்பர். துறைமுக வாயைத் தாண்டியதும் வடமேற்கே பிரிந்து செல்லும் இந்தக் கிளையில், பயணிகள் ஃபெர்ரி எதுவும் அன்றாடம் ஓடுவதில்லை; இருபுறமும் மரங்கள் அடர்ந்த செங்குத்தான கரைகள் காற்றை ஓரளவு தடுக்கின்றன; நகரின் மையத்திலிருந்து பேருந்திலேயே போய்விடலாம்.

இறங்க வேண்டிய இடம் மோஸ்மன் பகுதியில் உள்ள ஸ்பிட் பாலம். வெஸ்ட்மீட், டூங்காபி, ஸ்ட்ராத்ஃபீல்டு பக்கங்களில் குடியிருக்கும் தமிழர்கள் ரயிலில் வின்யார்ட் வந்து, அங்கிருந்து மிலிட்டரி ரோடு வழியாக மான்லி, வடக்குக் கடற்கரைப் பக்கம் போகும் பேருந்துகளில் ஸ்பிட் பாலத்தில் நிற்பது எதுவென்று பார்த்து ஏறலாம். காரில் போவதானால் வார இறுதியில் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேருவது நல்லது. பாலத்தை ஒட்டிய வாகன நிறுத்தம் கட்டணம் உள்ளது, இடமும் குறைவு. பாய்மரப் படகுகள் கடந்து செல்வதற்காகக் குறிப்பிட்ட நேரங்களில் பாலத்தைத் தூக்குவார்கள் என்பதால், சாலையில் சில நிமிடங்கள் காத்திருக்கவும் நேரலாம்.

இடத்தைவிட முக்கியமானது நேரம். கோடையில் சிட்னியின் காலைப்பொழுதுகள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நிலம் சூடேறச் சூடேற, நண்பகலுக்குப் பிறகு கடலிலிருந்து வடகிழக்குக் காற்று எழுந்து மாலை வரை வலுத்துக்கொண்டே போகும். மிகவும் வெக்கையான நாட்களின் பிற்பகலில், தெற்கிலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்று புகுந்து சில நிமிடங்களில் நீர்ப்பரப்பையே மாற்றிவிடுவதும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் இதை ‘சதர்லி பஸ்டர்’ என்பார்கள். முன்னறிவிப்பில் ‘சதர்லி சேஞ்ச்’ என்று குறித்திருந்தால், அது வருவதாகச் சொல்லப்பட்ட நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருக்குமாறு திட்டமிட வேண்டும். ஆஸ்திரேலிய வானிலை ஆய்வகம் சிட்னியின் உள்நீர்ப் பரப்புகளுக்கென்று தனியாகவே ஒரு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் காற்றின் வேகம் நாட் கணக்கில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். காற்றின் வேகம் பத்து நாட் அளவுக்குள் இருந்தால் புதியவர் தயங்காமல் போகலாம். பதினைந்தைத் தொட்டால் வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். அங்கே தரப்படுவது சராசரி வேகம்தான், வீச்சுக்காற்று அதைவிட 40 சதவீதம் வரை கூடுதலாக இருக்கக்கூடும் என்று அந்த அறிவிப்பே எச்சரிக்கிறது.

அடுத்தது ஓதம். சிட்னியில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. ஏறவும் வற்றவும் ஏறக்குறைய ஆறு ஆறு மணி நேரம் பிடிக்கும். ஏற்றவற்றத்தின் நேரங்கள் ஃபோர்ட் டெனிசன் என்ற சிறு தீவை வைத்துக் கணிக்கப்படுகின்றன. மிடில் ஹார்பருக்கும் அந்தப் பட்டியலே போதும். அகன்ற குடாக்களில் இந்த நீரோட்டத்தை நீங்கள் உணரவே மாட்டீர்கள். ஆனால் ஸ்பிட்டில் ஒரு மணல்திட்டு நீண்டு வந்து கால்வாயை நெருக்குவதால், உள்ளே உள்ள குடாக்களின் நீர் முழுவதும் பாலத்தின் தூண்களுக்கிடையே புகுந்துதான் வெளியேற வேண்டும். வற்றும் நேரத்தின் நடுப்பகுதியில் அங்கே எதிர்த்துத் துடுப்புப் போடுவது கை சோர்ந்தவருக்கு எளிதல்ல. நீர் ஏறும் நேரத்தில் பாலத்தைக் கடந்து உள்ளே போய், வற்றத் தொடங்கியதும் திரும்பினால், இரண்டு வழியிலும் நீரே உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். அப்படி நேரம் அமையாவிட்டால், பாலத்தைக் கடக்காமல் புறப்பட்ட பக்கத்திலேயே சுற்றி வருவது மேல்.

காற்றும் ஓதமும் எதிரெதிராக இருக்கும் நாளில் காற்றுக்கே முதலிடம் தர வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் கயாக்குகள் பெரும்பாலும் மேலே உட்காரும் வகையைச் சேர்ந்தவை. அகலமானவை, கவிழ்வது அரிது, ஆனால் நீர்மட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்பதால் காற்று அவற்றை எளிதில் தள்ளும். முதல் பாதியில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது முதுகில் இருக்கட்டும். உடலில் தெம்பு இருக்கும்போதே கடினமான பாதி முடிந்துவிட வேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு சூட்சுமம் எதுவும் இல்லை. ஆனாலும் கரைக்குத் திரும்ப முடியாமல் திணறுகிறவர்களில் பலர் காற்றோடு சுகமாகப் போனவர்களாகவே இருப்பார்கள்.

பலத்த மழை பெய்த பிறகு மூன்று நாட்கள் துறைமுகத்தில் குளிக்க வேண்டாம் என்பது மாநில அரசின் பொதுவான அறிவுரை. தெருக்களின் வடிகால் நீரெல்லாம் இங்கேதான் வந்து சேர்கிறது. கயாக்கில் உட்கார்ந்திருப்பவரும் நனையத்தான் செய்வார் என்பதால், இந்த அறிவுரை உங்களுக்கும் பொருந்தும். கலங்கிய நீரில் காளைச் சுறாக்கள் நடமாடும் வாய்ப்பு உண்டு என்பது, கோடையில் இந்த அறிவுரையை மதிக்க இன்னொரு காரணம்.

உடையில் பருத்தியைத் தவிர்க்கவும். நனைந்தால் உலராது, காற்றில் நடுங்க வைக்கும். புடவைத் தலைப்பு, துப்பட்டா போன்ற தொங்கும் துணி எதுவும் கூடாது. முழுக்கை நீச்சல் சட்டை, கயிறு கட்டிய தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். சிட்னியின் கோடையில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது வழக்கமானது. நீரின் மேல் பட்டு எதிரொளிக்கும் வெயில் மாநிறத் தோலையும் விட்டுவைக்காது. காலில் பழைய கேன்வாஸ் ஷூ போதும், ஆனால் வெறுங்கால் கூடாது. இங்குள்ள பாறைகளில் சிப்பிகள் விளிம்பு மேல்நோக்கி ஒட்டியிருக்கும். ஒருமுறை வழுக்கினால் பாதம் பிளேடு பட்டதுபோல் கிழிந்துவிடும். கைப்பேசியை நீர்புகாப் பையிலிட்டு, படகில் அல்லாமல் உங்கள் உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 000.

வாடகைக் கவுன்டரில் அடையாள அட்டையும் கடன் அட்டையும் கேட்பார்கள். பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவும்: நேரம் கடந்தால் எப்படிக் கட்டணம் ஏறும், காற்று வலுத்து அவர்களே அனுப்ப மறுத்தால் பணம் திரும்புமா, எந்த எல்லைக்கு அப்பால் படகைக் கொண்டு போகக் கூடாது. நீந்தத் தெரியாவிட்டால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது, அதைச் சொல்வதில் கூச்சமும் உண்டு. ஆனால் அதைத் தெரிந்துகொண்ட ஊழியர் அகலமான படகாகத் தருவார், கரையோரமாகவே போகச் சொல்வார், சில சமயம் வழிகாட்டியோடு போகும் குழுவில் சேர்த்துவிடுவார். லைஃப் ஜாக்கெட்டை இந்த மாநிலத்தில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எப்போதும் அணிந்தே தீர வேண்டும். பெரியவர்களும் கரையில் போட்டதைக் கரைக்குத் திரும்பிய பிறகே கழற்ற வேண்டும். பட்டைகளை இறுக்கிய பின், தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரியது.

படகையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். பின்முனையில் நீர் வடிக்கும் அடைப்பான் ஒன்று இருக்கும். அது திருகி மூடப்பட்டிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இருக்கையைச் சுற்றி அடிவரை ஊடுருவும் சில துளைகள் தெரியும், அவற்றின் வழியே கொஞ்சம் நீர் மேலே வரும். ஓட்டை என்று பதற வேண்டாம். மேலே விழும் நீர் தானாக வடிவதற்கென்றே வைக்கப்பட்டவை அவை. கால்களை நீட்டி உட்கார்ந்தால் முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி மிதியில் பாதம் பதிய வேண்டும். இருவர் படகில் பலசாலி பின்னால் உட்காரட்டும். முன்னால் இருப்பவர் தாளம் வைப்பார், பின்னால் இருப்பவர் அதைப் பின்பற்றித் துடுப்புப் போட்டபடியே திசையைக் கவனிப்பார். கணவன் மனைவியாகப் போகிறவர்கள் இதைக் கரையிலேயே பேசி முடித்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

துடுப்பைத் தலைக்கு மேல் கிடையாகத் தூக்கிப் பிடித்து, இரு முழங்கைகளும் செங்கோணத்தில் மடியும்படி கைகளை நகர்த்துங்கள். அதுவே பிடிக்க வேண்டிய இடம். துடுப்பின் முனையில் உள்ள தட்டையான பகுதியான அலகின் குழிந்த பக்கம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். பாதத்துக்கு அருகே அலகை முழுவதும் அமிழ்த்தி, இடுப்பருகே வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் இழுப்பது படகைத் திருப்புமே தவிர முன்னே செலுத்தாது. கையால் மட்டும் இழுப்பவருக்கு இருபது நிமிடத்தில் தோள் வலிக்கும். வலப்பக்கம் போடும்போது வலக் காலால் மிதியை அழுத்தி, இடுப்புக்கு மேற்பட்ட உடலைத் திருப்பினால், முதுகும் வயிறும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். திரும்புவதற்கு, திரும்ப வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கத்தில் முன்முனையிலிருந்து பின்முனை வரை அரைவட்டமாக அகலத் துழாவ வேண்டும். நிறுத்துவதற்கு இருபக்கமும் மாற்றி மாற்றிப் பின்னோக்கிச் சிறிதாகத் தள்ளினால் போதும். புறப்பட்ட முதல் ஐந்து நிமிடங்களைக் கரையருகே இந்த மூன்றையும் செய்து பார்ப்பதற்கே ஒதுக்குங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு, பாலத்துக்கு மேற்கே தென்கரையை ஒட்டி பேர்ல் பே, குவேக்கர்ஸ் ஹாட் பே என்ற இரு சிறு குடாக்களுக்குள் போய்த் திரும்புவதே நான் முதலில் சொல்லும் வழி. புதியவரின் வேகம் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் என்பதால் அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பேர்ல் பேயில் ஆட்கள் குடியிருக்கும் சில படகு வீடுகள் இருக்கின்றன. சற்று விலகியே போங்கள், அவர்களுடைய சமையலறைச் சன்னல் உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். நங்கூரமிட்ட பாய்மரப் படகுகளின் வரிசைக்குள் புகுந்து போவது வேகப்படகுகளிடமிருந்து தப்ப நல்ல வழி, ஆனால் நீரோட்டம் உள்ள நேரத்தில் மிதவைச் சங்கிலிகளுக்கு மேல்நீர்ப்பக்கமாக நெருங்கக் கூடாது. நீர் உங்களை அதன்மேல் கொண்டு போய்ச் சாத்திவிடும். நீருக்கடியில் காளான் குடைபோலத் துடிக்கும் பழுப்பு ஜெல்லி மீன்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். கொடுக்கு பெரிய ஆபத்தில்லை, தொடாமல் இருப்பதே சரி. கரையில் இறங்கினால் பாறைக்குழிகளுக்குள்ளும் கிடக்கும் சிப்பிகளுக்குள்ளும் கைவிட வேண்டாம். விரலளவே உள்ள நீலவளைய ஆக்டோபஸ் இந்த நீரில் உண்டு, அதன் நஞ்சு உயிரைக் குடிக்கும்.

பாலத்துக்குக் கிழக்கே போக விரும்புவோருக்கு எதிர்க்கரையில் கிளான்டார்ஃப் கடற்கரை இருக்கிறது. 1868 மார்ச் 12 அன்று விக்டோரியா அரசியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் சுடப்பட்டது இங்கேதான். அவர் பிழைத்தார், சுட்டவர் தூக்கிலிடப்பட்டார். இன்று பிள்ளைகளோடு மதிய உணவு சாப்பிட ஏற்ற புல்வெளி அது. அதைத் தாண்டி குரோட்டோ முனையின் வெள்ளைக் கலங்கரை விளக்கம் வரை போக ஆசை வரும். புதியவர்கள் அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். துறைமுக வாய் அங்கே நேராகப் பசிபிக்கை நோக்கித் திறப்பதால், உள்ளே நீர் கண்ணாடியாக இருக்கும் நாளிலும் கடலலை பாறைகளில் ஏறி உடையும்.

விசைப்படகு ஒன்று கடந்து போனால், அது போன பிறகுதான் அதன் அலை வந்து சேரும். படகைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்காமல், முன்முனையை அலையை நோக்கிச் சற்றுச் சாய்வாகத் திருப்பி, துடுப்புப் போடுவதை நிறுத்தாமல் ஏறி இறங்குங்கள். பயத்தில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு படகின் விளிம்பைப் பற்றுவதுதான் கவிழ்வதற்கான நேர்வழி. துடுப்பு நீரில் இருக்கும்வரை அது மூன்றாவது காலாக உங்களைத் தாங்கும். கால்வாயில் வலப்பக்கமாகவே செல்லவும், குறுக்கே கடப்பதானால் குழுவாக, நேர்கோட்டில், விரைவாகக் கடக்கவும். தூக்கும் பகுதி திறக்கும் நேரத்தில் பாலத்தடியில் நிற்க வேண்டாம்.

கவிழ்ந்துவிட்டால் படகை விடாதீர்கள். அது மூழ்காது, தூரத்திலிருந்து மற்றவர் கண்ணுக்கும் அதுதான் தெரியும். துடுப்பை ஒரு கையில் பற்றிக்கொண்டு, படகு தலைகீழாகக் கிடந்தால் அடிப்பக்கத்தின் மேல் கையை நீட்டி எதிர்விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கி இழுத்துப் புரட்டுங்கள். பிறகு இருக்கைக்கு நேராக வந்து, கால்களை நீரின் மேல்மட்டத்துக்கு உதைத்துக் கொண்டுவந்து, வயிற்றால் குறுக்கே ஏறிப் படுங்கள். மூச்சு வாங்கியதும் புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வயிறு, பிறகு புட்டம், அதன்பின் கால் என்ற வரிசை மாறினால் மறுபடியும் நீரில்தான் விழுவீர்கள். புறப்படும் முன் இடுப்பளவு நீரில் ஒரு முறை இதைச் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். கோடையில் 23, 24 டிகிரியில் இருக்கும் நீர் குளிர்காலத்தின் இறுதியில் 17 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், ஆகஸ்டு, செப்டம்பரில் மாற்றுடையும் துவாலையும் அவசியம்.

ஒப்படைக்க வேண்டிய நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே கரை சேருமாறு திரும்புங்கள். நேரத்தில் பாதி முடிந்ததும் திரும்புவது என்பதைவிட, ஐந்தில் இரண்டு பங்கு முடிந்ததும் திரும்புவது பாதுகாப்பான கணக்கு. கரையேறும்போது மணலில் படகு தட்டியதும் இரு கால்களையும் ஒரே பக்கமாக வெளியே போட்டு எழுந்திருக்க வேண்டும். அலை வரும் பக்கத்தில் இறங்கினால் படகு முழங்காலில் வந்து இடிக்காது. இந்தச் சுற்று அலுத்துப்போகும் அளவுக்குக் கை பழகியவர்கள், அரைநாள் வாடகைக்கு எடுத்து பான்ட்ரி பே வரை போகலாம். ஒரு காலத்தில் வெடிமருந்து சேமித்து வைத்த செங்கல் கட்டடங்கள் இன்றும் அதன் கரையில் நிற்கின்றன. அங்கே இறங்க முயல வேண்டாம், படகிலிருந்தபடியே பார்க்கலாம். அதற்கு ஏறும் நீரில் புறப்படுவதும், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர் எடுத்துக்கொள்வதும், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும் கட்டாயம்.