ஆங்கிலப் பிரதிப்பெயர்கள்: பிழை எங்கே வருகிறது?

ஹீ, ஷீ, இற், தே எல்லாம் வன்னிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்கள்தான். இருந்தும் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) கட்டுரையில் அவற்றில் பிழை விடுகிறார்கள். வசனத்தைத் தமிழில் யோசித்து, சொல்லுக்குச் சொல் மாற்றுவதே பெரும்பாலும் காரணம்.

முதலில் கவனிக்க வேண்டியது, பிரதிப்பெயரை எழுதாமல் விட்டுவிடும் பிழை. "கொப்பி எங்கை?" என்றால் "மேசையில வைச்சிட்டன்" என்கிறோம். வைத்தது நான் என்பதை அந்த 'ன்' விகுதியே சொல்லிவிடும். எதை வைத்தேன் என்பது கேள்வியிலேயே இருக்கிறது. ஆங்கில வினைக்கு அப்படி விகுதி இல்லை. "ஐ புற் இற் ஒன் த ரேபிள்" என்று 'ஐ'யும் வேண்டும், 'இற்'றும் வேண்டும். மழை பெய்தாலும் "இற் இஸ் ரெயினிங்". இங்கே 'இற்' எதையும் குறிக்கவில்லை, ஆனால் எழுவாயின் இடம் வெறுமையாக இருக்கக்கூடாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைக்கும் பென்சிலால் கோடிட்டு, "ஆர்? எதை?" என்று கேட்டுப் பாருங்கள்.

இதற்கு நேரெதிர், "மை ஃபாதர் ஹீ இஸ் எ ஃபாமர்". ஃபாதர் வந்தபின் 'ஹீ' தேவையில்லை.

"எனக்கு" என்று தொடங்கும் வசனங்களிலும் அவதானம் வேண்டும். "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்பதை "ரு மீ" என்று தொடங்கக்கூடாது. "ஐ ஹாவ் எ யங்கர் பிரதர்". எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்குது, எனக்கு வேணும் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ஐ'தான் எழுவாய்.

ஹீ, ஷீ மாறுவதற்கு எழுத்துத் தமிழே காரணமாகிறது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பேசும்போது அவர், அவா என்று பிரித்துத்தான் சொல்கிறோம். எழுதும்போது இருவரும் 'அவர்' ஆகிவிட, ரீச்சரைப் பற்றிய பந்தியில் திடீரென்று 'ஹீ' நுழைகிறது. பேச்சுத் தமிழில் யோசித்தாலே இந்தப் பிழை பாதி குறையும். மரியாதைக்காக ஒருவருக்குத் 'தே' போடவும் கூடாது. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கு அது வரலாம்: "சம்வன் லெஃப்ற் தெயர் பாக்".

'தன்ர' என்ற சொல்லுக்கு ஆண், பெண் இல்லை. "தம்பி தன்ர அக்காவோட வவுனியா போனான்" என்பதில் அக்கா பெண் என்று நினைத்து 'ஹேர் சிஸ்ரர்' எழுதினால், அவள் வேறொரு பெண்ணின் சகோதரியாகிவிடுவாள். உரியவர் தம்பி, ஆகவே 'ஹிஸ் சிஸ்ரர்'.

'ஐ'யா 'மீ'யா என்ற சந்தேகத்துக்கு மற்ற ஆளை நீக்கிப் பாருங்கள். "ரீச்சர் என்னைக் கூப்பிட்டா" என்பதை "ரீச்சர் கோல்ட் ஐ" என்று யாரும் எழுதமாட்டோம். ஆகவே "ரீச்சர் கோல்ட் மை பிரதர் அன்ட் மீ". 'இற்ஸ்' எழுதும்போது 'இற் இஸ்' அல்லது 'இற் ஹாஸ்' என்று விரித்துப் படியுங்கள். பொருந்தினால் மேற்குறி (’) வேண்டும். 'அதனுடைய' என்ற கருத்தென்றால் வேண்டாம்.